குமுதாவின் செடிகளுக்கு எந்தத் தண்ணீர்

ஏப்ரல் 6

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் எனக்கு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறாள். "அம்மா எதக் காட்டுறாங்க, எப்ப காட்டுறாங்கன்னு தெனம் எழுதி வைங்க சார். போகப் போக ஒரு வழி கெடைக்கும்" என்றாள். எழுத எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் நான். இந்த நான்கு மாடிக்காரர்களுக்கும் சுற்றறிக்கை எழுதியே கை தேய்ந்துவிட்டது.

முதலில் நிலவரம். என் மனைவி குமுதாவுக்கு மார்ச் தொடக்கத்தில் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விளங்கவில்லை. பேச்சும் போய்விட்டது. நாம் பேசுவதெல்லாம் அவளுக்குப் புரிகிறது என்கிறார் டாக்டர். பதில் சொல்லத்தான் முடியவில்லை. "இந்த... இந்த..." என்ற ஒரு சொல் மட்டும் வருகிறது. இடது கை நன்றாக வேலை செய்கிறது. நேற்றுதான் வீட்டுக்கு அழைத்து வந்தோம். படுக்கையறையில் வாடகைக் கட்டில் போட்டிருக்கிறது. பகலில் பார்த்துக்கொள்ள ஜெயக்கொடி என்று கடலூர்ப் பக்கத்துப் பெண் வருகிறாள்.

இன்று காட்டியவை: சீப்பு. தலை வாரிவிட்டோம். ஜன்னல் திரை. விலக்கினோம். ஏசி. இதை மட்டும் பல தடவை காட்டினாள். குளிர்கிறது போல என்று அணைத்துவிட்டேன். அதற்கும் "இந்த... இந்த..." என்றாள். ஆஸ்பத்திரியில் ராப்பகலாக ஏசியில் கிடந்தவளுக்கு அதைப் பார்த்தாலே வெறுப்பாக இருக்கலாம்.

இன்னொன்றும் எழுதி வைக்கிறேன், இது சங்கத்துக்கு. இவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே எல்லா வீட்டு ஏசிக் குழாய்களையும் சுவரோடு இறங்கும் ஒரே வடிகாலில் சேர்த்து முடித்துவிட்டோம். ஏசித் தண்ணீரை வாளியில் பிடிக்காதீர்கள், கொசு வரும் என்று இரண்டு வருஷமாகச் சுற்றறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. என் வீட்டு பால்கனியிலேயே ஒரு வெள்ளைக் கேன் இருந்தது. அதன் வாயில் என் பழைய வேட்டித் துணி கட்டியிருந்தது. செயலாளர் வீட்டிலேயே இப்படியா என்று பிளம்பர் சிரித்தான். வாட்ச்மேனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 8

ஷார்ஜாவிலிருந்து வினோதினி போன் செய்தாள். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் ஓடிவந்து மூன்று வாரம் இருந்துவிட்டுப் போன மகள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டுவிட்டு, "அப்பா, ஆர்க்கிட்டுக்குத் தண்ணி ஊத்துறீங்கல்ல?" என்றாள்.

ஊற்றவில்லை. அந்த ஞாபகமே இல்லை.

பால்கனியில் ஏழு ஆர்க்கிட் செடிகள். குமுதாவின் கட்டிலிலிருந்து பார்த்தால் கண்ணாடிக் கதவு வழியாக ஏழும் தெரியும். ஆறு செடிகள் கரித்துண்டு நிரப்பிய தொட்டிகளில் இருக்கின்றன. ஏழாவதற்குத் தொட்டியே கிடையாது. அதன் பெயர் வாண்டாவாம். கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். வேர்களெல்லாம் சாமியார் தாடி போலக் காற்றில் தொங்குகின்றன. இதை எப்படி வளர்த்தாள், என்ன சாப்பிடக் கொடுத்தாள், ஒன்றும் தெரியவில்லை. இவ்வளவு வருஷமாக இந்த பால்கனியில்தான் பேப்பர் படிக்கிறேன்.

குழாயில் பிடித்து எல்லாவற்றுக்கும் தாராளமாக ஊற்றினேன். குமுதா உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். செடிகளைக் காட்டினாள். ஊற்றிவிட்டேன் என்று சொன்னேன். பிறகு கையை உயர்த்தி ஏசியைக் காட்டினாள்.

இன்றும் அது ஓடிக்கொண்டிருந்தது. அதனால் அணைத்தேன்.

ஏப்ரல் 12

குமுதாவுக்கு மத்தியானம் கஞ்சி இறங்கியது. காட்டியவை: செடிகள், ஏசி, செடிகள், ஏசி. இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

செடிகளைப் பொறுத்தவரை கவலை இல்லை. எங்கள் போர்வெல் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. அதற்காகத்தான் போன வருஷம் நான் தலைகீழாக நின்று, எதிர்த்தவர்களையெல்லாம் சமாளித்து, மொத்தக் கட்டடத்துக்கும் சாஃப்ட்னர் பொருத்த வைத்தேன். பாத்ரூம் குழாய்களில் வெள்ளைக் கறை போயிற்று. சோப்பு நுரைக்கிறது. பொதுக்குழுவில் எனக்கு ஒரு சால்வை போட்டார்கள். அந்தத் தண்ணீரைத்தான் செடிகளுக்கும் ஊற்றுகிறேன். மென்மையான தண்ணீர், மென்மையான செடி. பொருத்தம்தான்.

ஏப்ரல் 19

பொருத்தம் இல்லை.

இலைகள் சுருங்கிக் கோடு விழுந்திருக்கின்றன. வேர்களின் நுனி கறுத்துவிட்டது. கரித்துண்டுகள் மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது. உப்பு, சுண்ணாம்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் ஒரு டிடிஎஸ் மீட்டரைக் கடையில் வாங்கிவந்து தண்ணீரில் நுழைத்துப் பார்த்தேன். சாஃப்ட்னர் தண்ணீரும் போர்வெல் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டின. மீட்டர் கோளாறு என்று நினைத்துக் கடைக்காரனிடம் சண்டைக்குப் போனேன். அவன் இன்னொன்றில் பார்த்தான். அதே எண்தான்.

சாஃப்ட்னர் பொருத்திய பையனைப் போனில் பிடித்தேன்.

"சார், அது சுண்ணாம்ப எடுத்துட்டு அதுக்குப் பதிலா உப்ப விடும். வாராவாரம் மூட்ட மூட்டயா உப்பு கொட்டுறோம்ல, அது எங்க போவும்? குளிக்கலாம், தொவைக்கலாம். செடிக்கெல்லாம் ஊத்தாதீங்க."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னய்யா?"

"நீங்க செடி வளக்குறீங்கன்னு சொல்லவே இல்லியே சார்."

நான் வளர்க்கவில்லையே, எப்படிச் சொல்வேன்.

ஏப்ரல் 20

இரண்டு வாரமாக அவள் கண் முன்னாலேயே, தினமும் காலையில், ஒழுங்காக, உப்பு ஊற்றியிருக்கிறேன்.

ஏப்ரல் 28

மூன்று செடிகள் போய்விட்டன. நாலு இருக்கின்றன. அடுக்களைச் சுத்திகரிப்பானில் வரும் தண்ணீரை ஊற்ற ஆரம்பித்திருக்கிறேன். இதில் மீட்டர் எண் குறைவு, ஆனால் செடிக்காரர்கள் சொல்லும் அளவுக்குக் குறைவில்லை. ருசிக்காக ஏதோ மினரல் சேர்க்கிறதாம். அதைக் கழற்ற முடியுமா என்று கேட்டால் கேரண்டி போய்விடும் என்கிறான் கம்பெனிக்காரன். கொதிக்க வைத்து ஆறவைத்துத் தெளித்துப் பார்த்தேன். "அம்மாவுக்கு வெச்ச வெந்நியக் காணோமே சார்" என்று ஜெயக்கொடி தேடினாள்.

ஏசி விஷயம் முற்றிவிட்டது. போட்டால் காட்டுகிறாள், அணைத்தால் காட்டுகிறாள். இருபத்தாறில் வைத்தேன், இருபத்தெட்டில் வைத்தேன், காற்று கட்டிலில் படாதபடி திருப்பினேன். சர்வீஸுக்கு ஆள் கூப்பிட்டேன். அவன் கழற்றி, கழுவி, மாட்டிவிட்டு, "ஏசி ஜம்முனு இருக்கு சார்" என்று போய்விட்டான். அவன் வேலை செய்யும் வரை குமுதா ஆவலாகப் பார்த்தாள். அவன் பெட்டியை மூடியதும் இடது கையால் கட்டில் கம்பியை ஓங்கி ஓங்கி அடித்தாள்.

நான் கத்திவிட்டேன். "என்னதாண்டி வேணும் உனக்கு? போடவா, அணைக்கவா? நான் என்ன மந்திரவாதியா?"

அடிப்பதை நிறுத்திவிட்டாள். ஜெயக்கொடி தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் வெளியே போனாள். எனக்கு அழுகை வந்தது. பால்கனிக்குப் போய் நின்றுகொண்டேன். அங்கேயும் செடிகள்தான் நின்றன.

மே 5

மழை!

ஆர்க்கிட்டுக்கு மழைத்தண்ணீரைவிட உசத்தி எதுவும் இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதற்காக மொட்டை மாடியில் வைக்க இரண்டு டிரம் கழுவித் தயாராக வைத்திருந்தேன். இன்று பார்த்து ஜெயக்கொடி லீவு. நாலு மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு கொட்டியது. குமுதாவைத் தனியே விட்டுவிட்டு எப்படி மாடி ஏறுவது? போன வாரம்தான் புரண்டு விழப் பார்த்தாள்.

அவளோ ஜன்னலைப் பார்த்து, "இந்த... இந்த... இந்த..." என்று ஒரே பதற்றம். மழையைக் காட்டினாள், கதவைக் காட்டினாள், என்னைத் தள்ளினாள். இடியைக் கண்டு பயப்படுகிறாள் என்று ஜன்னலைச் சாத்தினேன். திரையையும் இழுத்துவிட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கையை இழுத்துக்கொண்டாள்.

மழை நின்றபோது ஜெயக்கொடியிடமிருந்து போன். "சார், செடிக்குத் தண்ணி புடிச்சீங்களா?" என்றாள். இல்லை என்றேன்.

மே 9

பயிற்சிப் பெண் படம் போட்ட அட்டைகள் கொண்டுவந்தாள். சோறு, தண்ணீர், கட்டில், மாத்திரை, பாத்ரூம் என்று ஒரு கட்டு. எல்லாவற்றையும் பரப்பி, "அம்மா, என்ன வேணுமோ அத எடுங்க" என்றாள். குமுதா யோசிக்கவே இல்லை. தண்ணீர்ப் படத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. சீப்பையும் திரையையும் விட்டால், இரண்டு மாதத்தில் முதல் தடவையாக இவள் கேட்டு நான் புரிந்துகொண்ட ஒன்று. ஓடிப்போய் டம்ளரில் கொண்டுவந்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். ஸ்பூனில் கொடுத்தேன். துப்பினாள். மறுபடி அதே படத்தை எடுத்து நீட்டினாள்.

"குடிக்கற தண்ணி இல்லியோ என்னவோ சார்" என்றாள் அந்தப் பெண். குளிக்கவோ என்று ஜெயக்கொடி ஈரத்துணியால் உடம்பு துடைத்துவிட்டாள். துடைத்து முடியும் வரை குமுதா சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தாள். அட்டையை மட்டும் கையிலிருந்து விடவில்லை.

மே 14

புது ஏசி வாங்கி மாட்டிவிட்டேன். பழையதில் ஏதோ சத்தம் வந்திருக்கும், அது அவளைத் தொந்தரவு செய்திருக்கும் என்று வினோதினி சொன்னாள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால்கூடக் கூச்சல் போடுகிற மனுஷன் நான். யோசிக்காமல் வாங்கினேன். இது சத்தமே போடவில்லை.

மாட்டிய ஆள் பழையதன் குழாயையே இதற்கும் பொருத்தி, நம் சங்க வடிகாலில் சேர்த்தான். "நீட்டா பண்ணி வெச்சிருக்கீங்க சார்" என்று பாராட்டினான்.

குமுதா அழுதாள். சத்தமில்லாமல், கண்ணீர் காதுக்குள் இறங்கும்படி.

மே 15

எதையும் காட்டவில்லை.

மே 16

இன்றும் காட்டவில்லை. பயிற்சிப் பெண் இதை முன்னேற்றம் என்கிறாள்.

மே 24

வாண்டா ஒன்றுதான் பாக்கி. தொட்டிச் செடிகள் ஆறும் போய்விட்டன. வாண்டாவிலும் கீழ் இலைகள் உதிர்ந்துவிட்டன. ஒரே ஒரு வேரின் நுனியில் பயறு அளவுக்குப் பச்சை இருக்கிறது. அதை மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு தினமும் பார்க்கிறேன். அவளுக்குக் கை கால் வருமா, பேச்சு வருமா என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். இந்தப் பச்சையைக் காப்பாற்றுவது ஒன்றுதான் அவளுக்காக என்னால் முடிகிற காரியம் என்று நினைத்தேன். அதுவும் முடியவில்லை.

இன்று ஜெயக்கொடியும் நானுமாகக் குமுதாவைச் சக்கர நாற்காலியில் வைத்து முதல் தடவையாக பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போனோம். காலித் தொட்டிகளை ஒளித்து வைக்கச் சொல்லியிருந்தேன். அவள் தேடவில்லை. வாண்டாவின் பச்சை நுனியைக் கட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு குனிந்து, தரையில் வெள்ளைக் கேன் இருந்த மூலையைப் பார்த்தாள். அங்கிருந்து சுவரோடு மேலே பார்வையை ஓட்டினாள். புதுக் குழாய் வடிகாலில் சேருகிற மூட்டின் மேல் கையை வைத்தாள். எடுக்கவே இல்லை.

"நீ ஆஸ்பத்திரில இருந்தப்ப போட்டது. எப்படி இருக்கு? ஒரு சொட்டு வெளிய வராது" என்றேன்.

என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. சின்னக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிற கையால் என் கன்னத்தைத் தடவினாள். "இந்த" என்றாள், ஒரே ஒரு தடவை. எனக்குப் புரியவில்லை. ஆனால் சந்தோஷமாக இருந்தது.

மே 29

மறுபடியும் ஆஸ்பத்திரி. மறுபடியும் அதேதான், இந்தத் தடவை இடது பக்கம்.

ஜூன் 1

கையை அசைக்கவில்லை. கண்ணைத் திறக்கவில்லை. ஐசியூ கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன்.

ஜூன் 3

குமுதா போய்விட்டாள்.

ஜூன் 18

காரியங்கள் முடிந்தன. சொந்தக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். வினோதினி மட்டும் மாதக் கடைசி வரை இருக்கிறாள். வாடகைக் கட்டிலை இன்று வந்து எடுத்துப் போனார்கள். அது இருந்த இடத்தில் தரையில் நாலு தடம். ஜெயக்கொடி வந்து அழுதுவிட்டுப் போனாள். இனி எதையும் எழுதி வைக்கத் தேவையில்லை. பழக்கதோஷத்தில் எழுதுகிறேன்.

ஜூன் 19

கீழ் வீட்டு ரெஜினா டீச்சர் வந்திருந்தார். மார்ச்சிலேயே நீண்ட லீவு போட்டுத் திருநெல்வேலி போயிருந்தவர், செய்தி கேட்டதும் வர முடியவில்லை என்று வருத்தப்பட்டார். குமுதாவுக்கு நெருக்கமானவர். பிறகு பால்கனியைப் பார்த்துவிட்டு, "அக்காவோட செடியெல்லாம் எங்க சார்?" என்றார்.

"போயிடுச்சு டீச்சர். தண்ணி ஒத்துக்கல. நானும் எல்லாத் தண்ணியும் ஊத்திப் பாத்துட்டேன்."

"ஏசித் தண்ணி ஊத்துனீங்களா?"

"என்ன தண்ணி?"

"ஏசித் தண்ணி சார். அக்கா அத மட்டுந்தான் ஊத்துவாங்க. அதுல உப்பே கெடையாதுல்ல? வெயில் காலத்துல தெனம் ஒரு கேன் ரொம்பிடும். மொதல்ல வர்றது தூசியா இருக்கும்னு கீழ ஊத்திட்டு, அப்புறம் வர்றதப் புடிப்பாங்க. வாரத்துக்கு ஒரு தடவ துளி உரம் கலப்பாங்க, வெறும் தண்ணில சத்து இல்லன்னு. எனக்கும் ஒரு பாட்டில் குடுப்பாங்க, அயர்ன் பாக்ஸ்ல ஊத்தறதுக்கு." கொஞ்சம் தயங்கி, "நீங்க கொசு வருதுன்னு நோட்டீஸ் போட்டீங்கல்ல சார், அதுக்கப்புறம் கேன் வாயில துணி கட்டிட்டாங்க. சாரு சொல்றதும் நியாயந்தானேன்னாங்க" என்றார்.

நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அவர் காபியைக் குடித்தாரா, எப்போது போனார், தெரியாது.

செடியைக் காட்டி, ஏசியைக் காட்டினாள். தண்ணீர் அட்டையை எடுத்து எடுத்து நீட்டினாள். மழை பெய்தபோது என்னை மாடிக்குத் தள்ளினாள். கடைசியில் குழாயையே தொட்டுக் காட்டினாள். இதற்கு மேல் ஒரு மனுஷி எப்படிச் சொல்வாள்? அவளுக்குப் பேச்சு வரவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

ஜூன் 20

காலையில் ஹேக்ஸா பிளேடால் குழாயை அறுத்தேன். சங்கத் தீர்மானப்படி அபராதம் உண்டு. செயலாளர்தான் வசூலிக்க வேண்டும்.

கேனைத் தேடி வாட்ச்மேனிடம் போனேன். அதில் பினாயில் கலந்து வைத்திருந்தார். அந்தத் துணியாவது இருக்கிறதா என்றால், படி துடைக்க எடுத்து அது எப்போதோ கிழிந்துவிட்டதாம். வீட்டுக்கு வந்து, இன்னொரு வேட்டியைக் கிழித்து எவர்சில்வர் குடத்தின் வாயில் கட்டினேன். எனக்குச் சரியாகக் கட்ட வரவில்லை, தொய்கிறது. படுக்கையறை ஜன்னலைச் சாத்தி, கதவைச் சாத்தி, புது ஏசியைப் போட்டேன்.

முதலில் வந்ததைக் கீழே ஊற்றினேன். பிறகு குடத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொட்டுச் சொட்டாகத்தான் விழுகிறது. மத்தியானத்துக்குள் கால் குடம் சேர்ந்தது. மீட்டரை விட்டுப் பார்த்தேன். ஒற்றை இலக்க எண் காட்டியது. இந்த வெயில் முழுக்க நான் அலைந்து தேடியும் கிடைக்காத எண்.

வாண்டாவின் வேர்களை அதில் முக்கினேன். உயிருள்ள வேர் நனைந்தால் சாம்பல் நிறம் மாறிப் பச்சையாகும் என்று படித்திருக்கிறேன். மற்றவை எல்லாம் பழுப்பாகவே கிடந்தன. அந்த ஒரு வேர் மட்டும் மெல்லப் பச்சையானது. இது பிழைக்குமா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் ஆள் இல்லை.

வினோதினி தூங்கி எழுந்து வந்தாள். படுக்கையறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு பால்கனிக்கு வந்தாள்.

"யாருமே இல்லாத ரூம்ல எதுக்குப்பா ஏசி ஓடுது? நீங்களா போட்டீங்க?"

"உங்க அம்மா கேட்டாம்மா" என்றேன். "ரொம்ப நாளா கேட்டுட்டு இருந்தா."